ரூட்

அதைச் செய்தவன் நான்தான்.
இரண்டு வருஷம் முன்பு, ஒரு வியாழக்கிழமை ராத்திரி,
ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் ஜூஸ் கடைக்கு மேலே
ஏசி சொட்டும் என் ஒன்றரை ஆள் கடையில்.
"ரூட் பண்ணித் தாங்கண்ணே,
வீட்டுக்கு வீடியோவுல பேசணும்" என்றான் சவரிராயன்.
ரூட் என்றால் வழி என்று நினைத்திருந்தான்.
வேர் என்று நான் திருத்தவில்லை.
மூன்று ரியால்.

வேர் வரைக்கும் போனேன்.
போன் மெதுவாக ஓடுகிறது என்றான்.
உள்ளே இருந்த என்கிரிப்ஷனையும் கழற்றிவிட்டேன்,
பொதி குறைந்தால் கழுதை ஓடும்.
சொல்லியிருக்கலாம். படிவரை கூட்டம் நின்றது.
சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை விழிக்கும்போதும்
ஆரஞ்சு எழுத்தில் ஐந்து நொடி சொல்லும் அந்தப் போன்:
இந்தக் கருவியை நம்ப முடியாது.
ஆங்கிலம். கம்பெனி விளம்பரம் என்று நினைத்தானாம்.
பிறகு ஒன்பது புள்ளிகளில் ஒரு கோடு இழுப்பான்,
பக்கத்துக் கட்டில்காரன் பார்க்காதபடி
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.
சுவரே இல்லாத வீட்டின் கதவை
இரண்டு வருஷம் பூட்டிப் பூட்டித் திறந்திருக்கிறான்.

போன ஞாயிறு அதே போன் என் மேஜைமேல்.
கொண்டுவந்தவர் போர்மேன் பேச்சிமுத்து,
எங்கள் தாலுகாக்காரர்தான், சென்ட் வாசனை.
"கேம்ப்ல வாங்கி வச்சோம்.
ஓவர்டைம் கணக்க போட்டோ எடுத்து குரூப்புல போடுதானுவ.
யார் யாருன்னு தெரியணும். திறந்து குடு.
இருபது ரியால்."

இருபது ரியால்.
கேபிள் என் முட்டிக்குக் கீழே, இழுப்பறையில்.
டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"முடியாது சார்" என்றது வாய்.
"என்கிரிப்ஷன். பேட்டர்ன் தெரியாம
கம்பெனிக்காரனே வந்தாலும் முடியாது."
கழற்றி எறிந்த பூட்டைப் பற்றி
இவ்வளவு பெருமையாக நான் பேசியதில்லை.
அந்த நிமிஷம் அந்தப் போனுக்கு இருந்த ஒரே காவல்
என் முகம். அதுவும் வியர்த்தது.

இதே தெருவில் இன்னும் மூன்று கடை.
அவர்களிடமும் கேபிள் உண்டு.
"வச்சிட்டுப் போங்க, ராத்திரி பாக்கேன்" என்றேன்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
பதினாலு மாதத்து டைம் ஷீட், பென்சில் எழுத்து,
வியர்வையில் மடங்கிய மூலைகள், நாற்பத்தொரு பெயர்.
ஒரு கார்டில் நகலெடுத்து
என் மனதில் மட்டும் இருந்த ஒரு வாக்கியத்தால் பூட்டினேன்.
எதையும் திறந்து பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.
ஒரு வாய்ஸ் மெசேஜ் கைபட்டு ஓடியது.
கைபட்டு என்பதும் பொய்.
பெண்குரல்: "ரேஷன் கார்டுல ஒங்க பேர எடுத்துட்டாவளாம்.
ஆளு இல்லன்னு எழுதிட்டாவ.
பொறவு பேசுதேன், குக்கர் சத்தம் போடுது."
பதினோரு நொடி.

பிறகு, பிறந்த அன்று அதில் இருந்த மென்பொருளை ஏற்றி
வாசலை அடைத்தேன்.
அடைக்கும்போது உள்ளே இருப்பதையெல்லாம் அது துடைக்கும்,
அதன் நேர்மை அப்படி.
இரண்டு வருஷத்தில் முதன்முறையாக
ஆரஞ்சு எழுத்து இல்லாமல் விழித்து
எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"தப்பு தப்பா பேட்டர்ன் போட்டீங்களா சார்?
அதான், தானா அழிஞ்சிட்டு."
பேச்சிமுத்து திட்டியதில் என் அம்மா இரண்டு தடவை வந்தாள்.

வெள்ளிக்கிழமை சவரிராயன் வந்தான்.
கார்டை எதிரே வைத்துச் சொல்லத் தொடங்கினேன்,
மூன்று ரியாலிலிருந்து குக்கர் வரைக்கும்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
ஏசித் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.
"என் வாக்கியம் இனிமே வேண்டாம்.
நீயே ஒண்ணு போடு. நீளமா. எனக்கும் சொல்லாத."
கீபோர்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
டிராவல் ஏஜென்சி காலண்டர். ஒட்டகம்.
ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினான்.
எண்ணக் கூடாது என்றுதான் நின்றேன்.
பத்தொன்பது.