நீஸ் போகும் வழியில்

வானுக்குள் முருங்கைக்காய், கறிவேப்பிலை,
உருகத் தொடங்கிவிட்ட பாரை மீன் இரண்டு பெட்டி.
நீஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.
ஃபிரெஜூஸில்
மூத்திரம் முட்டி நிறுத்திய இடத்தில்
சிவப்பு வாசல், பைன் மரங்கள், பகோடா.

முதலாம் போருக்கு வந்த அன்னாமியச் சிப்பாய்கள்
தங்களுக்கென்று கட்டிக்கொண்டதாம்,
இருமி இருமிச் செத்தவர்களை நினைத்துக்கொண்டு.
பலகையில் இருந்ததைப் பாதி வாசித்தேன்.
மீதிப் பிரெஞ்சு எனக்கு ஏறவில்லை.

சீட்டுத் தரும் பெண் கேட்டாள், எந்த நாடு?
சொன்னேன்.
ஆ, அப்படியென்றால் நீங்களும் புத்த சமயம்!
முகம் மலர்ந்து
ஊதுபத்தி ஒன்றைச் சும்மா தந்தாள்.
வாங்கிக்கொண்டேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

எனக்குத் தெரிந்த புத்தர்
ஒரே இரவில் முளைப்பவர்.
அரசமரத்தடியில் சீமெந்து காயுமுன்
காவலுக்கு இருவர், பிறகு முள்கம்பி,
பிறகு அந்தப் பாதையால் பள்ளிக்கூடம் போக
அடையாள அட்டை.

இவர் படுத்திருக்கிறார்.
ஒரு பேருந்து நீளத்துக்கு,
கையைத் தலைக்கு வைத்து.
உள்ளங்காலில் எறும்பு வரிசை.
துரத்த ஆளில்லை.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மதில்.
மதில் முழுக்கப் பெயர்கள், ஓர் எழுத்தும் உடையாமல்.
தொப்பியைக் கழற்றிய ஒருவர்
ஒரு பெயரில் விரலை வைத்தபடி
போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்:
கிடைத்துவிட்டான், கிடைத்துவிட்டான்.

மூன்றாம் வரிசை, பதினேழாவது கல்.
அம்மா எண்ணிப் பழகிய கணக்கு.
இப்போது அங்கே முகாம்.
குகபாலனின் தலைமாட்டில்
கரப்பந்து வலை கட்டியிருப்பதாக
முகாமுக்குப் பால் கொண்டுபோகிறவர்
பார்த்துவந்து சொன்னார்.

திரும்பிப் போய்ப் படுத்திருந்தவரிடம் கேட்டேன்,
வாய்விட்டுத்தான் கேட்டேன்:
இவங்கட ஆக்களுக்கு மட்டும்தான்
காவல் படுக்கத் தெரியுமோ?
கண் பாதி மூடியிருந்தது.
ஊதுபத்தி கையில் வியர்த்தது.
கொளுத்தாமல் சட்டைப்பையில் செருகினேன்.

போன் அடித்தது. பாக்கியசோதி அண்ணை.
எங்க நிக்கிறாய்? முருங்கைக்காய் வாடப்போகுது.
ஒரு கோயில்ல.
எந்தக் கோயில்?
புத்தர் கோயில்.

கடைக் குளிர்பெட்டி இரைவது மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

பிறகு, மெல்ல:
கும்பிட்டனியோ?

மீன் உருகுது அண்ணை,
வாறன் என்றேன்.