ஒலியில்லாப் பதிவு

ஊலு நகரத்து மருத்துவமனை.
அவசரப் பிரிவின் காத்திருப்புக் கூடம்.
கூரைமூலைக் கேமரா பார்த்த
நூற்றுப் பத்தொன்பது இரவுகள்
என் மேசைக்கு வந்திருக்கின்றன,
ஒலி நீக்கப்பட்டு.

என் வேலை எண்ணுவது.
தள்ளினால் ஒன்று, துப்பினால் ஒன்று.
எறிந்தால், எறிந்த பொருள் எது.
ஓங்கி, அடிக்காமல் இறங்கிய கைக்குத்
தனிக் கட்டம் உண்டு.
மணிக்குப் பதினெட்டு யூரோ.
மதியம் இரண்டு மணிக்கே சன்னலில் இருட்டு.

பதிவு அறுபத்து மூன்று.
ஆய்வில் அந்தக் கிழவருக்குப் பெயர் கிடையாது,
தௌனோ என்று நானாக வைத்துக்கொண்டேன்.
இரவு பதினொன்று பதினாறுக்குத்
தேநீர்க் குடுவையால்
செவிலி ரைலியின் மணிக்கட்டில் அடிக்கிறார்.
எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.
படத்தில் பார்த்தால்
ஈ அடிப்பது போலத்தான் இருக்கிறது.
குறித்தேன்: அடித்தல், பொருளுடன், ஒன்று.

"அடியிலிருந்து தொடங்காதே," என்றாள் சிர்பா,
"பின்னால் போ."
கண்ணில் விழுவதற்கும் காண்பதற்கும் நடுவே
என்ன நடக்கிறது என்று
இருபது வருஷமாகத் தேடுகிறவள் அவள்.

போனேன்.
ஒன்பது பன்னிரண்டு. திரைச்சீலை ஓரம் ஒரு கை எழுகிறது,
தோள்வரை.
ஒன்பது நாற்பத்தேழு. அதே கை.
பத்தரைக்கு எழுந்தே நிற்கிறார்.
கண்ணாடிக்கு அப்பால் ரைலி நிமிர்ந்து
நேராக அவர் முகத்தைப் பார்க்கிறாள்,
இரண்டு நொடி.
குனிந்து மறுபடி எழுதுகிறாள்.

மாவுக்கட்டோடு வந்த ரைலிக்கு
இதைப் போட்டுக் காட்டினோம்.
வெகுநேரம் பேசவில்லை.
"அங்கே யாரும் நிற்கவில்லை," என்றாள்.
"சத்தியமாக.
மூன்றாம் அறைப் பெண்ணுக்கு
இன்னும் எத்தனை பை இரத்தம் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
எதிரே சுவர்தான் இருந்தது."

பொய் என்று நினைத்தேன்.
வாய்விட்டுச் சொல்லவில்லை, நல்லவேளை.

எண்ணுகிறவரின் கண்ணையும்
அந்தக் கருவி குறித்துக்கொண்டே இருக்கும்.
சிர்பா என் தடத்தைத் திரையில் விரித்தாள்.
அறுபத்து மூன்றை நான் பார்த்தது பதினோரு முறை.
எழுந்த அந்தக் கையின்மேல்
என் கண் சிவப்புப் புள்ளியாக
ஒவ்வொரு முறையும் நின்றிருக்கிறது.
ஒரு முறை, ஒன்றேகால் நொடி.

கண் பட்டிருக்கிறது.
நான் குடுவைக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

கருவி காட்டியது கண்ணின் ஓட்டம்.
கண்ணோட்டம் என்பது
வேறெங்கோ இருக்கிறது போல.

தௌனோ என்னதான் கேட்டார்?
ஒலி இல்லை.
கழிப்பறைக்கு வழி கேட்டதாக
யாரோ சொன்னார்களாம்.
தள்ளுகட்டிலில் கிடந்த மனைவிக்குப்
போர்வை கேட்டிருப்பார் என்கிறாள் சிர்பா.
அவள் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

இதற்காக அவரை மன்னித்துவிட முடியவில்லை.
அன்றிரவு அந்தக் கூடத்தில்
கை தூக்கியவர் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் யாரையும் அடிக்காமல்
பனியில் வீட்டுக்குப் போனார்கள்.
ரைலி இன்னும் பால் பெட்டியைப்
பல்லால் கடித்துத்தான் திறக்கிறாள்.
அந்த எட்டுப் பேருக்கும் கட்டம் இல்லை,
பால் பெட்டிக்கும் இல்லை.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால்
புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.
மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல்
அப்படியே கோப்பில் வைத்தேன்.

ஐந்தரைப் பேருந்து.
கண்ணாடியில் என் முகம்,
அதற்குப் பின்னால் தெருவிளக்கு, பனி,
அறுபத்து நாலில் எண்ண வேண்டியவை.
"மன்னிக்கவும்," என்றார் பக்கத்தில் ஒருவர்.
இறங்க வேண்டுமாம்.
என் பை அவர் காலடியில் கிடந்தது.

அவர் சொன்னது
எத்தனையாவது முறையோ.