அரைத் திருகு

இருபத்தேழு வருடம்,
திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நான்கு மணிக்கு,
பய்சாந்து வானொலியில்
ஒரு தங்கும் விடுதி நடத்தினேன்.
அதற்குச் செங்கல் கிடையாது.
ஓர் ஒலிவாங்கி, மணல் நிரப்பிய தட்டு,
கீல் முனகும் அரைக் கதவு,
தகரத்தில் சொட்டும் தண்ணீர்.

மாத்தே இலைக் கம்பெனி
விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது.
"மூன்று வாரம் தருகிறேன், ஒதிலியா,
கௌரவமாக முடித்துவிடு" என்றார் மேலாளர்,
வயதான நாயைப் பற்றிப் பேசுவதுபோல.

முதலில் தீ வைத்தேன்.
ஆறு பக்கம் நன்றாகவே எரிந்தது.
எட்டாம் அறை பியானோ வாத்தியாரை
வெளியே இழுக்க மறந்தது
நள்ளிரவில் நினைவுக்கு வந்து
எழுந்து எல்லாவற்றையும் கிழித்தேன்.
அடுத்து கல்யாணம்.
பதினொரு வருடமாகப் பேசாத இருவர்
எனக்காகச் சமாதானமாக ஒப்பவில்லை.
தட்டச்சுத் தாளிலும் முறைத்துக்கொண்டே நின்றார்கள்.
"எல்லாம் கனவு என்று முடியுங்களேன்" என்றான் மருமகன்.
அன்று மாத்தே சுற்றில்
அவனைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தேன்.
விடுதிக்காரி எர்மெலிந்தாவாக நடிக்கும் ஐதே
படிக்கட்டில் மறித்தாள்:
"கொல்வதென்றால் முன்னாலேயே சொல்லிவிடு,
கறுப்புச் சட்டை சலவையில் கிடக்கிறது."

கடிதங்கள் வந்தன.
தக்குவரெம்போவிலிருந்து ஒரு லாரிக்காரர்:
"முந்நூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில்
குழாய்க்கு வாஷர் வாங்கப் போன அமதேயோ
இன்னும் திரும்பவில்லையே, அம்மா?"

அமதேயோவாக நடித்தவன் கூடுதல் சம்பளம் கேட்டான்.
கொடுக்கவில்லை.
ஆற்றைக் கடந்து அர்ஜென்டினாவில்
மெத்தை விற்கப் போய்விட்டான்.
வேறு வழி தெரியாமல் பாத்திரத்தைக் கடைக்கு அனுப்பினேன்.
பிறகு மறந்தேபோனேன்.
சொட்டை மறக்காதவன் வாஷிங்டன்.
எங்கள் ஊரில் இப்படியும் பெயர் வைப்பார்கள்,
அவன் தம்பி நெல்சன்.
ஒலிகள் எல்லாம் அவன் கை.
சமையலறையில் யார் அழுதாலும்,
யார் யாரிடம் கடன் கேட்டாலும்
பின்னால் நிதானமாக
டொட். டொட்.

இப்போது அமதேயோவை வரவழைக்கலாம்.
கதவு முனகும்.
இருபத்தைந்து வருடம் கழித்து, உள்ளங்கையில் வாஷர்.
ஊரே அழும்.
எனக்கே தொண்டை அடைத்தது,
அதனால்தான் சந்தேகம் வந்தது.
முடிவுக்காக மட்டும் வருகிறவனை
எந்த வீட்டிலும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்.

எழுதியது இதுதான்:
அந்த வாரம் குடிவந்த நர்சிங் மாணவி,
ஏழாயிரம் பகுதியில் ஒன்றைக்கூட அறியாதவள்,
தண்ணீர் குடிக்க எழுந்தவள்,
போகிற போக்கில் குழாயை
அரைத் திருகு திருகுகிறாள்.
நின்றுவிடுகிறது.
வாஷரே வேண்டியிருக்கவில்லை.
இருட்டில் எர்மெலிந்தா கண் திறந்து
"யாரங்கே?" என்கிறாள்.
ஐந்து வினாடி மௌனம். முற்றும்.

ஜூலை மாதக் குளிர். நேரலை.
வானொலியில் ஐந்து வினாடி மௌனம் என்பது
தண்டவாளத்தின் குறுக்கே வண்டி நின்றுபோவது.
ஒன்று.
இரண்டு.
ஐதே தாளை மார்போடு அணைத்திருந்தாள்.
மூன்று.
நாலாவதில்
தகரத்தில்
ஒரு சொட்டு.

சிவப்பு விளக்கு அணைந்தது.
"கை நழுவிவிட்டது" என்றான் வாஷிங்டன்,
ஈரத்துணியை நாலாக மடித்தபடி.
இருபத்தேழு வருடத்தில்
ஒருமுறையும் நழுவாத கை.
என் பிரதியில் அந்தச் சொட்டு இல்லை.
பேனாவால் சேர்த்தேன், ஓரத்தில்,
கையெழுத்து அவன் போடட்டும் என்று இடம் விட்டு.

லாரிக்காரருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
மூன்று நாளாக "அன்புள்ள ஐயா"வில் நிற்கிறது.
கடை பூட்டியிருந்தது என்று எழுதலாம்.
அடுத்த ஊரில் கிடைக்கும் என்று
யாரோ சொன்னார்களாம் என்றும்.