பேருந்தின் கூரையில் தென்மேற்கு

பின் ஏணியில் ஏறும்போதே வேண்டிக்கொண்டேன்:
ஒரு மெகாபைட் என்ன விலை என்று
தாசில்தார் கேட்காமல் இருக்க வேண்டும்.

முன்னால் ஒரு சரிவு. பின்னால் ஒரு சரிவு.
கெத்தைக்கு மேலே கொண்டை ஊசி வளைவொன்றில்
மஞ்சூர் வண்டி
இரண்டு இரவாக நிற்கிறது.

சேற்றில் மூன்று கிலோமீட்டர்
முதுகில் நான் சுமந்து வந்த பெட்டி
மடிக்கணினி அளவுதான்.
அகன்ற அலைவரிசை என்று மேலே எழுதியிருக்கும்;
அகலம் ஒரு யானைத்தடம்கூட இல்லை.
திறந்தால் ஒரு சாம்பல் நிறப் பலகை.
எதைப் பார்க்க வேண்டும் என்பதில்
அதற்கு ஒரு பிடிவாதம்.

"எந்தப் பக்கம் மேடம்?"
கண்டக்டர் சென்னியப்பன்.
தென்மேற்கு என்றேன், ஆனால் ஏறக்குறைய உச்சி.
நம் ஊரில் இது மல்லாந்துதான் படுக்கும்,
தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி.
ஒரு கேரட் மூட்டையை இழுத்து வந்து
தலையணை வைத்தார்.

"இந்த மேகம் மறைக்காதுங்களா?"
மேகம் மறைக்காது. மரம் மறைக்கும்.
வளைவின் மேட்டில் ஒரு சில்வர் ஓக்;
அதன் கிளை ஆடும்போதெல்லாம்
பெட்டியின் கீச்சொலி ஏறும், இறங்கும்.
ஓட்டுநர் ரசாக் எதுவும் கேட்கவில்லை.
எங்களைக் கூரையில் வைத்துக்கொண்டே
வண்டியை நான்கு அடி பின்னால் உருட்டினார்.
கீச்சொலி உயர்ந்து
நீண்டு
நின்றது.
வானத்தைப் பிடிக்க ரிவர்ஸ் எடுத்த ஆள்
உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

பேட்டரி ஒரு மணி நேரம். பயணிகள் நாற்பத்தொரு பேர்.
சென்னியப்பன் பையிலிருந்து
பழைய டிக்கெட் கட்டை எடுத்தார்.
ஒரு டிக்கெட், ஒரு நிமிடம்.
ரெண்டு விசில்: பேசு. ஒரு விசில்: இறங்கு.
"அழுகைக்குத் தனி டிக்கெட் கிடையாது,
அதுவும் இதுலயே."

மின்வாரியத்துப் பெள்ளிராஜ் மனைவியிடம் சொன்னது:
மோட்டாரை அமத்து, தொட்டி நிரம்பியிருக்கும்.
முந்தாநாள் போட்ட மோட்டார்.

ஒரு பையன், "ரீல்ஸ் ஓடுமாக்கா?"
ஓடும். கூடவே
உங்கப்பாவோட ரெண்டு ஏக்கர் தேயிலையும் ஓடும்.

டான்டீ லைனிலிருந்து வந்த தெரசம்மாளுக்கு மஸ்கட்.
"நல்லாருக்கேன்டி."
சொல் மேலே போய்
கடலுக்கு மேலே நிற்கிற ஒன்றைத் தொட்டு
கீழே விழுந்து எங்கோ கம்பி மாறிப்
போய்ச்சேர ஒரு மூச்சு நேரம்.
அதற்குள் அவள் பொறுக்காமல் "அலோ".
அங்கிருந்தும் "அலோ".
இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன.
சொல்லிட்டு நிறுத்துங்கம்மா, அவங்க சொல்றது வரட்டும்.
நிறுத்தினாள்.
மகளும் நிறுத்தியிருக்க வேண்டும்.
நீ பேசு என்று ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்தபடி
நாற்பது நொடி.
விசில்.

நான் தலை நிமிரவில்லை. தப்பு என்னுடையது.
"இன்னொரு டிக்கெட் தரட்டுமாம்மா?"
வேண்டாமென்றாள்.
"ஐசியூவுல டூட்டி. மிசின் கீ கீனு கத்துச்சு,
பின்னால யாரோ அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க.
சரியாத்தான் கூப்பிடுறாங்க."
டிக்கெட்டை நான்காக மடித்து
சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் அவர் தனக்கே ஒன்று கிழித்தார்.
வீட்டுக்கு என்று நினைத்தேன்.
டிப்போ எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.
"சென்னியப்பன் பேசுறேன். ஆளு நாப்பத்தொண்ணு. எல்லாரும் நல்லாருக்காங்க."
வானம் யோசித்தது.
பிறகு டைம்கீப்பரின் குரல், தெளிவாக:
"ஏன்யா இவ்வளவு லேட்டு?"

வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்,
சிரிப்புக்கும் பில் வருமென்று.

இறங்கி, நனைந்த ட்ரிப் ஷீட்டை விரித்து
எழுதிக்கொண்டிருந்தார்:
மஸ்கட் 1. திருப்பூர் 9. காரமடை 14.
பெங்களூர் 3. எமரால்டு 6...
வசூல் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
நான் பலகையை மடித்தேன்.
கேரட் மூட்டைக்காரர் ஏணிக்குக் கீழே நின்று
மூட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.