நாற்பது பாகை

கூகலூர் ராக்கியண்ணன் வயலில் உதிர்ந்தது,
மூன்று போகம் மருந்தடித்தும் மடியாத நெற்சக்களத்தி.
பொட்டலத்தின் மேல் அவர் கையெழுத்து:
‘சாகாதது’.

கோவையில் ஐந்து பெட்டிக்குள்
ஐந்து வெயில் வளர்க்கிறேன்.
இருபது பாகையில், ஈரத்தாளின் மேல்,
நாலாம் நாளே நூற்றுக்கு அறுபது முளை.
மருந்துக்கு மடிகிற அதன் தங்கைச்சி
அப்போது கண்ணே திறக்கவில்லை.
முப்பதில் இரண்டும் முண்டிக்கொண்டு வந்தன.
முப்பத்தைந்தில் சுணக்கம்.
நாற்பதில்
பதினான்கு நாளும் தட்டு தட்டாகவே இருந்தது.
‘செத்தது’ என்று நோட்டில் எழுதி
சன்னலுக்கு வெளியே உதறினேன்.
செய்யக் கூடாதது. பசி நேரம்.

செவ்வாய்தோறும் ராக்கியண்ணன் போன்:
“ஏனுங் அம்மிணி, வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்க.
எப்ப அடிக்கறதுன்னு சொல்லுங்.”
எந்த மருந்து என்று கேட்பதை
அவர் நிறுத்தி ஒரு வருசம்.

மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போன இந்தக் காலையில்
ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில்,
சிமெண்டு வெடிப்பில்,
ஏழு பச்சை ஊசி.
நாற்பதில் செத்தவை.

சாவில்லை அது.
உள்ளே தாழ் போட்டுக்கொண்டு
வெக்கை தணியட்டும் என்று கிடந்திருக்கிறது.

சிவப்பு மையில் அடித்து
‘உறக்கம்’ என்று எழுதினேன்.
பிறகு குத்தவைத்துப் பிடுங்கினேன்.
ஆறு வந்தன.
ஏழாவது விரலுக்கு எட்டவில்லை, இடுக்கிக்கும்.
வேரோடு அறுந்ததா, அறாமல் நின்றதா,
தெரியவில்லை.

மேசையில் போன் அதிர்கிறது.
செவ்வாய்க்கிழமை.