பட்டைமரப்பு

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
விடியுமுன் நாலு மணிக்கு
சிரட்டையைப் பார்க்கத் தலை குனிந்தேன்.
பிடரியில் ஏறிய கரண்ட்
முதுகுவழி ஓடிக் குதிகாலில் இறங்கியது.
நிமிர்ந்தால் இல்லை.
குனிந்தால் உண்டு.

பேட்டரி ஒழுகுது என்றார் வின்சிலாஸ்.
குலசேகரத்தில் போய்
புது ஹெட்லைட் வாங்கி வந்தார், அறுநூற்றைம்பது.
அதைக் கட்டிக் குனிந்தேன்.
கட்டாமலும் குனிந்தேன்:
சாளை கழுவும்போது,
ஆமென் சொல்லும்போது.

வாயு என்று
திற்பரப்பு வைத்தியர் ஒன்பது நாள் எண்ணெய் தேய்த்தார்.
பத்தாம் நாள்
விலாவைச் சுற்றி யாரோ
ஈரச் சாக்கை முறுக்கிக் கட்டியது போல் இருந்தது.
அவிழ்க்க முடிச்சு இல்லை.

நாகர்கோவிலில் குழலுக்குள் படுக்க வைத்தார்கள்.
அசையாதே என்றார்கள்.
தாலியைக் கழற்றி வின்சிலாஸ்
சட்டைப் பையில் வைத்திருந்தார்.
படத்தில் என் கழுத்து
நெடுகப் பிளந்த மரம்.
தண்டு சுண்டுவிரல் கனம்தான்.
அதில், மூன்றாம் எலும்புக்கு நேரே,
ஒரு நல்லமிளகு. வெள்ளையாக.

முன்னால எப்பவாவது கண் மங்கிச்சா?
டாக்டருக்கு என் தங்கை வயசு இருக்கும்.
மங்கியது. இரண்டு வருஷம் முன்னால்,
ஷீட் அடிக்கும்போது ஆசிட் ஆவி பட்டதென்று நினைத்தோம்.
செம்பரத்திப் பூ பதினைந்து நாள்
வெளுத்துக் கிடந்தது வலது கண்ணில்.
பிறகு சிவந்தது, மறந்துபோனேன்.
அவர் எழுதினார். இரண்டு என்று
ஒரு வட்டம் போட்டார்.

நரம்புக்கு மேலே ஓர் உறை.
உங்க உடம்பே அதைச் சீவுது.
சீவின இடம் தழும்பாகுது.

அது எனக்குத் தெரியும், டாக்டர்.
பட்டையில் ஓட வேண்டிய கத்தி
ஒரு நூல் ஆழம் போனால்
மரம் ஆறும், ஆனால் முண்டு கட்டும்.
முண்டின் மேல் பிறகு கத்தி ஓடாது.
பதினோரு வருஷத்தில்
என் வரிசையில் முண்டு குறைவு,
கங்காணி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.
எனக்குள் வெட்டுகிறவளோ
எந்நேரம் வருகிறாள் என்று தெரியவில்லை.
கத்தி பிடிக்கத் தெரியாதவள்.

தண்டு இன்னும் மெலியவில்லையாம்.
ஆரம்பம்தானாம்.
நல்லதுதானே என்றார் வின்சிலாஸ்,
நல்லதுதானே என்று
பஸ்ஸில் அருமனை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊசி மருந்து இப்போது
லில்லிபாய் வீட்டு ஃபிரிட்ஜில்,
அவள் பேரனுடைய குச்சி ஐஸுக்கு அடியில்.
வெயில் ஏறினால் கால் இரண்டும் சாக்குப்பொதி,
அதனால் மூன்றரைக்கே இறங்குகிறேன்.
தினமும் முதல் மரத்தடியில்
ஒருதரம் குனிந்து பார்க்கிறேன்,
இருக்கிறதா என்று.

சில மரம் திடீரென்று பால் நிறுத்தும்.
பட்டை பச்சையாகத்தான் இருக்கும்,
வெட்டினால் வராது.
பட்டைமரப்பு என்போம்.
வெட்டாமல் விட்டு வைப்போம்.
சிலது திரும்பும்.

நேற்று அறுபதாம் மரத்தில்
வெளிச்சம் தற்செயலாகக் காலில் விழுந்தது.
இடது செருப்பைக் காணோம்.
திரும்பி நடந்து தேடினேன்.
நாற்பத்திரண்டாம் மரத்தடியில் கிடந்தது,
வார் அறாமல்.
பதினெட்டு மரம்
வெறுங்காலோடு வெட்டியிருக்கிறேன்.
ராத்திரி மழை பெய்திருந்தது.
மண் நல்ல குளிராக இருந்திருக்கும்.