நிறுத்தல் அளவை

செவ்வாய்க்கிழமைகளில் நான் மனிதரை நிறுக்கிறவள்.
போபினியில், ட்ராம் பாதைக்குப் பின்னால்,
மூன்று மாடி முதியோர் இல்லம்.
சில்லு வைத்த நிறைக்கதிரையைத் தள்ளிக்கொண்டு
அறை அறையாகப் போவேன்.
காலைத் தூக்கச் சொல்வேன்.
இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்திருப்போம்.

மார்ச்சில் கதவைப் பூட்டினார்கள்.
கீழ்மாடி, பதினான்காம் அறை, மெசியே கெர்வெல்லா,
தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டிய தோள்கள்,
அறுபத்தெட்டுக் கிலோ நானூறு.
நாலு மணிக்கு மனைவி வருவா,
அவித்த ஆப்பிளை மசித்து ஊட்டுவா.
பூட்டிய பிறகு யன்னலுக்கு வெளியே வந்து நின்றா.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆ என்று வாயைத் திறந்து காட்டினா.
அவர் பார்த்தார். திறக்கவில்லை.
அறுபத்தாறு.
அறுபத்து மூன்று தொள்ளாயிரம்.
அறுபத்தொன்று.
காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை,
இரவுச் செய்தி வாசிக்கும் எந்தக் கணக்கிலும்
இவர் சேர்த்தியில்லை.

ஆனால் இரண்டாம் மாடி.
பூட்டுவதற்கு முந்தின ஞாயிறு அங்கே யாருக்கோ தொண்ணூறு வயது,
கேக் வெட்டி எல்லோரும் எல்லோருக்கும் முத்தம் கொடுத்தார்கள்.
ஒன்பது பேர்.
ஒன்பதாவது கட்டிலைத் துடைக்கையில் கிருமிநாசினி முடிந்து
வெறும் தண்ணீரால் துடைத்தேன்.
ஒரு கிழமை முந்திப் பூட்டியிருக்கலாமே என்று
அன்றைக்குச் சொன்னதும் இதே வாய்தான்.

வீட்டில் நிமலன்.
பத்தொன்பது வருசம் கோப்பை கழுவிய கையில்
முதல்முறையாக வெடிப்புகள் ஆறியிருந்தன.
கடதாசியில் அவருக்குக் கிழமைக்கு இருபது மணித்தியாலம்.
மிச்சமெல்லாம் கையில் காசு.
அரசாங்கம் கடதாசிக்குத்தான் சம்பளம் தந்தது.
குறை சொல்லவும் ஏலாது.
இல்லாத மணித்தியாலத்தை எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது?
சீட்டு இரண்டு தவணை நின்றது.
மகள் குளியலறைக்குள் இருந்து, போனில்,
அரைவாசி கேட்கும் கணித வகுப்பு.
"கிழடுகளுக்காகக் குஞ்சுகளைப் பட்டினி போடுறாங்கள்"
என்றார் ஓரிரவு.
நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.
பிறகு அவரே எழும்பி
என் வேலைச் சட்டையைத் தனி வாளியில்
வெந்நீரில் ஊறப்போட்டார்.

வெளியே போக அவரவர்க்கு அவரவரே
அனுமதித்தாள் எழுதிக் கையெழுத்து வைக்கிற காலம்.
மருந்து, சாமான், நாய், எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது.
மதாம் கெர்வெல்லா எதில் கீறுவா என்று சைகையில் கேட்டேன்.
தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தா:
உடற்பயிற்சி.
வயது எழுபத்தொன்பது. கையில் ஊன்றுகோல்.

நீட்டல், நிறுத்தல், முகத்தல் என்று
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது ஞாபகம் வந்தது.
கடையை நிறுத்தினார்கள், வகுப்பை நிறுத்தினார்கள்,
மே மாதம்வரை நீட்டினார்கள்.
நிறுத்துப் பார்த்துத்தான் நிறுத்தினார்களா?
எங்கள் மொழியில் இரண்டும் அடுத்தடுத்த வீடு.
பிரெஞ்சில் தூரம் போலும்.

ஏப்ரல், மூன்றாம் செவ்வாய்.
தாதி மேல்மாடிக்குப் போன நேரம்
யன்னலை ஒரு சாண் திறந்தேன்.
கையுறை போட்ட கையும் கரண்டியும் மட்டும் உள்ளே வந்தன.
வாயைத் திறந்தார்.
பத்து நிமிசம்.
அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

அறுபத்தொன்று முந்நூறு.
ஏட்டில் நிறையை எழுதினேன்.
யன்னலை எழுதவில்லை.
இரவில் படுத்தபடி நாள் எண்ணினேன்,
அவருடைய தொண்டைக்கும் என்னுடையதற்கும் சேர்த்து,
பதினான்குவரை எண்ணவேண்டும்.

பதினோராம் நாள் இருமினார்.
கதிரையை விட்டுவிட்டு ஓடினேன்.
இருமல் நிற்கவில்லை, முகம் சிவந்தது,
தாடையில் ஆப்பிள் ஒழுகியது.
புரையேறியிருக்கிறது, அவ்வளவுதான், அவ்வளவாகத்தான் இருக்கவேண்டும்.
எங்கள் ஆட்கள் செய்வதுபோல் உச்சந்தலையில் தட்டினேன்,
யாரோ நினைக்கிறார்கள், யாரோ நினைக்கிறார்கள் என்று.
வெளியே மதாம்,
நான் அவரை அடிக்கிறேன் என்று நினைத்து
இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினா.